மெட்டல் டிடெக்டரோடு வெயிலில் தேடப் போறீங்களா? உடம்பும் முக்கியம், சட்டமும் முக்கியம்: முழு விவரம்

கடலை பிடுங்கும்போது காதுத் தோடு விழுந்துவிட்டது. மாட்டுக்குப் புல் அறுக்கும்போது தாலிக்கொடியில் இருந்த குண்டுமணி அறுந்து எங்கோ போய்விட்டது. எரியோடு, வேடசந்தூர், வடமதுரை பக்கத்துச் செம்மண் காடுகளில் இப்படி நகையைத் தொலைத்துவிட்டு நாள் முழுக்கக் குனிந்து தேடும் குடும்பங்கள் உண்டு. முன்பெல்லாம் சல்லடை வைத்து மண்ணைச் சலிப்பார்கள். இப்போது ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே மெட்டல் டிடெக்டர் கிடைக்கிறது.

இன்னொரு பக்கம், யூடியூபில் வெளிநாட்டுப் 'புதையல் வேட்டை' வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கோடையில் காய்ந்த குளத்துக்குள் கருவியோடு இறங்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, சித்திரை, வைகாசி வெயில் என்ன செய்யும் என்பது. இரண்டு, கிடைப்பதெல்லாம் நமக்குச் சொந்தமா என்பது.

மெட்டல் டிடெக்டர் எப்படி வேலை செய்கிறது?

கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கும். அதில் மாறி மாறிப் பாயும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அந்தப் புலம் உலோகத்தில் சிறு மின்சுழலைத் தூண்டும். அந்தச் சுழல் திருப்பி அனுப்பும் சமிக்ஞைதான் 'பீப்' சத்தமாகக் கேட்கிறது.

1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைக் கண்டுபிடிக்கத் தொலைபேசி புகழ் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் இப்படி ஒரு கருவியைச் செய்து கொண்டுபோனார். ஆனால் குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த உலோகச் சுருள்கள் சமிக்ஞையைக் குழப்பியது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்றும் கருவியின் பலவீனம் அதுதான். சுற்றி உலோகம் இருந்தால் ஏமாந்துவிடும்.

அதனால் தேடும்போது இரும்பு முனை வைத்த பூட்ஸ், கையில் இரும்புக் காப்பு, இடுப்பில் சாவிக் கொத்து எதுவும் வேண்டாம். செம்மண்ணில் இரும்புத் தாது கலந்திருப்பதால் சும்மாவே கருவி கத்தும். 'கிரவுண்ட் பேலன்ஸ்' என்ற வசதி இருந்தால், தேடப்போகும் மண்ணிலேயே முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

ஆழத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஒரு நாணயம் அளவுள்ள பொருளைச் சாதாரணக் கருவி சுமார் 15 முதல் 20 செ.மீ. ஆழம் வரைதான் காட்டும். '10 அடி ஆழத் தங்கத்தைக் காட்டும்' என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

40 டிகிரி என்றால் உண்மையில் எவ்வளவு?

'வெயில் சதம் அடித்தது' என்று செய்தியில் சொல்வது 100 டிகிரி ஃபாரன்ஹீட். செல்சியஸில் 37.8. சமவெளியில் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, அது வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகமாகவும் இருந்தால் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்கிறது. 6.4 டிகிரிக்கு மேல் அதிகம் என்றால் தீவிர வெப்ப அலை.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. செய்தியில் வரும் அந்த எண், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில், தரைக்கு மேலே வைத்து அளந்தது. திறந்த காட்டில் குனிந்து தேடுபவருக்கு மேலே நேரடி வெயில், கீழே கொதிக்கும் மண். அவர் உடம்பு வாங்கும் சூடு செய்தியில் வரும் எண்ணைவிட அதிகம்.

டிடெக்டரில் இன்னொரு சிக்கல், கவனம் முழுக்கக் காதில் இருக்கும். 'இன்னும் ஒரு வரிசை பார்த்துடலாம்' என்று மனசு இழுக்கும். நகையைத் தொலைத்தவர் என்றால் கேட்கவே வேண்டாம். தாகம் தெரியாது, நேரம் போவதும் தெரியாது.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. வெப்ப அலையால் உயிரிழப்பவர்களின் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு. அதாவது வெயில் வெறும் அசௌகரியம் இல்லை, உயிரை எடுக்கும் பேரிடர் என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

எந்த நேரத்தில் தேடலாம்?

அக்னி நட்சத்திரம் வழக்கமாக மே 4 முதல் 28 வரை. அந்த நாட்களில் திண்டுக்கல் பக்கம் காலை 6 மணிக்கெல்லாம் நல்ல வெளிச்சம் வந்துவிடும்.

* காலை 6 மணிக்குத் தொடங்கி 9.30 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.
* பகல் 11 முதல் 4 வரை காட்டுப் பக்கமே வேண்டாம். தொலைந்தது உலோகம். அது எங்கும் ஓடிப்போகாது.
* மாலையில் 4.30-க்கு மேல் போகலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும். வெயில் தணிந்ததும் பாம்புகளும் வெளியே வரும்.

இடத்தை முதலிலேயே கயிறு கட்டி, பத்தடிக்குப் பத்தடி கட்டங்களாகப் பிரித்துக்கொண்டால் அலைச்சல் பாதியாகக் குறையும். ஒரு நாளைக்கு இத்தனை கட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டால் 'இன்னும் கொஞ்சம்' என்ற இழுப்பும் இருக்காது.

முதல் நாளே நாலு மணி நேரம் வேண்டாம்

வெயிலில் வேலை செய்து பழகாதவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். திறந்தவெளி வேலைகளில் வெப்பத்தால் ஏற்படும் மரணங்களில் 50 முதல் 70 சதவீதம், வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான 'ஓஷா'. உடம்பு வெயிலுக்குப் பழகச் சில நாள் பிடிக்கும். அதனால் முதல் நாள் வழக்கமான வேலை நேரத்தில் 20 சதவீதம் மட்டும், பிறகு தினமும் 20 சதவீதமாகக் கூட்ட வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

சென்னையிலோ பெங்களூருவிலோ ஏசி அறையில் வேலை பார்த்துவிட்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்து நேராகக் காட்டில் இறங்குபவர்கள் இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. ஊரில் இருக்கும் சித்தப்பா அசராமல் வேலை செய்கிறார் என்றால், அவர் உடம்பு பழகிய உடம்பு.

எவ்வளவு தண்ணீர், என்ன குடிக்கலாம்?

15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மி.லி. தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அதே நேரம் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து, அதுவே ஆபத்தாகிவிடும்.

* உப்பு போட்ட மோர்: வியர்வையில் போகும் உப்பையும் நீரையும் சேர்த்தே ஈடுகட்டும். நீராகாரமும் அப்படித்தான்.
* இளநீர், நுங்கு, பதநீர், தர்பூசணி: இடைவேளைக்கு நல்லது. சர்க்கரை நோயாளிகள் பதநீர் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.
* ஓஆர்எஸ்: நிறைய வியர்த்துச் சோர்ந்தால், பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கலாம். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும்.
* வேண்டாதவை: மது கூடவே கூடாது. சோடா, கலர், அடிக்கடி டீ ஆகியவற்றைத் தண்ணீருக்குப் பதிலாக நினைக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது ஒரு கவனம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத இனிப்பு பானங்கள் தங்கள் பெயரில் 'ஓஆர்எஸ்' என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக்கடையில் கிடைக்கும் பொடி பாக்கெட்டே பாதுகாப்பானது.

ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு, மனநல மருந்து என்று தொடர்ந்து மாத்திரை எடுப்பவர்கள், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உப்பு என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சில மாத்திரைகள் உடம்பு சூட்டைத் தாங்கும் திறனைக் குறைக்கும்.

உடை, கருவி: எதைக் கவனிக்கணும்?

* வெளிர் நிறத்தில், தளர்வான முழுக்கைப் பருத்திச் சட்டை. தலைக்கு அகலத் தொப்பி, கழுத்தில் ஈரத் துண்டு.
* செருப்பு வேண்டாம். காய்ந்த குளங்களில் சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறும். தடிமனான ஷூ வேண்டும்.
* காதை முழுக்க மூடும் ஹெட்போனில் வியர்வை கொட்டும், பாம்பு சரசரப்பதும் காதில் விழாது. ஒரு காதையாவது திறந்து வையுங்கள்.
* உட்கார்ந்து தோண்டிவிட்டுச் சட்டென எழுந்தால் தலை சுற்றும். முட்டி போட்டு, கையை ஊன்றி, மெதுவாக எழ வேண்டும்.
* டிடெக்டரையும் கைபேசியையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு எதிரி. சூடான பேட்டரியை உடனே சார்ஜ் போடவும் வேண்டாம்.
* தனியாகப் போக வேண்டாம். போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

இந்தப் பக்கத்துக் காடுகளில் கைப்பிடிச் சுவர் இல்லாத பழைய கிணறுகள் உண்டு. தரையைப் பார்த்தபடி பின்னோக்கி நகர்வது ஆபத்து. பன்றிக்காகப் போட்ட மின்வேலி இருக்கிறதா என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் வரப்பைத் தாண்டக் கூடாது.

கருவி கத்தி, தோண்டிய இடத்தில் ஒயரோடு உருளையாக ஏதாவது தெரிந்தால் தொடவே கூடாது. கிணறு வெட்டவும் கல் உடைக்கவும் வெடிமருந்து பயன்படுத்தப்பட்ட பகுதிகளில் வெடிக்காத எச்சம் கிடக்க வாய்ப்பு உண்டு. அப்படியே விலகி வந்து 112-க்கு அழைக்க வேண்டும்.

மயக்கம் வருதா? இதை உடனே செய்யுங்க

வெப்பச் சோர்வும் வெப்ப வாதமும் ஒன்றல்ல.

வெப்பச் சோர்வில் வியர்வை கொட்டும், தலைவலி, குமட்டல், கால் தசைப்பிடிப்பு, தலைச்சுற்றல் வரும். ஆனால் கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வார். நிழலில் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, மோரோ ஓஆர்எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அன்றைக்கு மறுபடி வெயிலில் இறங்கக் கூடாது.

வெப்ப வாதத்தில் உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் பேசுவார், தள்ளாடுவார், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம். 'வியர்க்குது, அதனால ஒண்ணும் இல்ல' என்று நினைக்கக் கூடாது. வேலை செய்துகொண்டிருக்கும்போது வரும் வெப்ப வாதத்தில் வியர்வை இருக்கவே செய்யலாம்.

எளிய சோதனை ஒன்று: 'உங்க பேர் என்ன, எந்த ஊரு, இது என்ன கிழமை?' என்று கேளுங்கள். பதிலில் குழப்பம் இருந்தால் உடனே 108.

ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்கக் கூடாது. தலை முதல் கால் வரை தண்ணீரை ஊற்றி, துண்டால் விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். பக்கத்தில் பம்புசெட் ஓடினால் அந்தத் தண்ணீரே போதும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்கு வேலை செய்யாது.

பாம்பு கடித்தால் கட்டுப்போடுவதோ, கீறுவதோ, வாயால் உறிஞ்சுவதோ கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

எங்கே தேடலாம், எங்கே கூடாது?

சொந்த நிலத்தில் தொலைந்த சொந்த நகையைத் தேடத் தடை இல்லை. அடுத்தவர் நிலம் என்றால் அவர் அனுமதி வேண்டும். குளம், ஆற்றுப் படுகை, புறம்போக்கு எல்லாம் அரசு நிலம். குடகனாறு காய்ந்து கிடக்கிறது என்பதற்காக அது ஆளில்லா இடம் ஆகிவிடாது. எரியோடு வழியாகப் போகும் திண்டுக்கல் - கரூர் ரயில் பாதை ஓரமும் கூடாது. ரயில்வே இடத்தில் அத்துமீறி நுழைந்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, ரூ.1,000 வரை அபராதமோ விதிக்கலாம்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதியில்லாமல் தோண்டவே முடியாது. திண்டுக்கல் மலைக்கோட்டை மத்திய தொல்லியல் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இப்படிப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? இதே திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி அருகே பொருந்தல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பேராசிரியர் கா.ராஜன் தலைமையில் 2009-ல் தொடங்கிய அகழாய்வில் ஒரு பானைக்குள் நெல் கிடைத்தது. ஆய்வகச் சோதனையில் அதன் காலம் கி.மு. 490 என்று வந்தது. தமிழி எழுத்து எவ்வளவு பழமையானது என்ற விவாதத்தையே அது மாற்றியது. அந்த நெல்லுக்குச் சந்தை விலை என்ன? ஒன்றுமில்லை. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்பதுதான் அதன் மதிப்பு. கருவி கத்தியது என்று யாராவது முன்பே குழி பறித்து ஒரு உலோகத் துண்டை எடுத்திருந்தால், அந்த அடுக்கு கலைந்திருக்கும். சாட்சியும் போயிருக்கும்.

புதையல் கிடைச்சா யாருக்குச் சொந்தம்?

இன்றும் நடப்பில் இருப்பது 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையல். அதன் அடிப்படை விதிகள் இவை:

* கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துபூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எப்போது கிடைத்தது என்பதைச் சொல்ல வேண்டும்.
* பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது ஒப்படைப்பதாக உறுதிப் பிணை தர வேண்டும்.
* ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருபவர்களை விசாரிப்பார்.
* உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டுபிடித்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு.
* அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், பொருளின் உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தர வேண்டும்.
* மறைத்தால் பங்கும் போய்விடும். ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

பொருள் 100 ஆண்டு பழமையானது என்றால் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்புவது குற்றம்.

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் ஜம்புகேஸ்வரர் - அகிலாண்டேஸ்வரி கோயிலில் பள்ளம் தோண்டியபோது ஒரு பாத்திரத்தில் 505 தங்க நாணயங்கள் கிடைத்தன. எடை 1.716 கிலோ. அவை அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில் திருப்பணியில் அரை கிலோவுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. 'கோயில் பொன் கோயிலுக்கே' என்று ஊர்மக்கள் தர மறுத்தனர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு வருவாய்த் துறையிடம் வந்து சேர்ந்தது.

சமீபத்தில் யாரோ தொலைத்த நகை உங்கள் கையில் கிடைத்தால் அது புதையல் ஆகாது. உரியவரைத் தேட வேண்டும், அல்லது காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். நேர்மையின்றி வைத்துக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அபராதம்.

'தங்கத்தை மட்டும் காட்டும் கருவி' உண்மையா?

இல்லை. கைப்பிடியில் ஒரு ஆன்டெனா, 'ஒரு கிலோமீட்டருக்குள் தங்கம் இருந்தால் திரும்பும்' என்று விற்கப்படும் கருவிகளுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. இதே மாதிரி ஒரு பொம்மையை 'ஏடிஇ 651' என்ற பெயரில் வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று சொல்லி ஈராக்குக்கு விற்ற பிரிட்டன் வியாபாரி ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-ல் 10 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. கோல்ஃப் பந்து தேடும் பொம்மையில் இருந்து வந்த கருவி அது. அதை நம்பிச் சோதனைச் சாவடியில் நின்றவர்களின் உயிர்தான் அதற்கு விலை.

நம் ஊரில் இதே ஏமாற்று 'ரைஸ் புல்லிங்', 'இரிடியம் கலசம்', புதையலுக்குப் பரிகாரப் பூஜை என்ற பெயர்களில் வருகிறது. முன்பணம் கேட்கிறார்கள் என்றாலே மோசடிதான். காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் 1930.

சுருக்கமாக நினைவில் வைக்க

* நேரம்: காலை 6 - 9.30, மாலை 4.30-க்கு மேல்
* தண்ணீர்: 15 - 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர்
* பேச்சு குழறினால்: உடனே 108, உடம்பில் தண்ணீர் ஊற்றத் தொடங்குங்கள்
* மருத்துவ ஆலோசனைக்கு: 104
* சந்தேகப் பொருள் தெரிந்தால்: தொடாமல் 112
* பழம்பொருள் கிடைத்தால்: தோண்டுவதை நிறுத்தி, வி.ஏ.ஓ. அல்லது வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்லுங்கள்

தேடி முடித்ததும் தோண்டிய குழியை மூடிவிட்டு வர மறக்காதீர்கள். மறுநாள் அந்த வழியாக வரும் ஆட்டின் கால் அதில் மாட்டக் கூடாது. தொலைந்த தோடு இன்று கிடைக்கவில்லை என்றால் நாளை காலை கிடைக்கலாம். ஒரு நல்ல மழை பெய்து மண் இறுகிய பிறகு, ஈர மண்ணில் கருவிக்குச் சமிக்ஞை இன்னும் தெளிவாகக் கேட்க வாய்ப்பு உண்டு. அதுவரை காத்திருப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.